கடைசிப் பெயருக்குப் பிறகு

“மிஸ், எல்லாருக்கும் சீட்டு குடுத்தீங்களாமே. எனுக்கு மட்டும் வர்ல மிஸ்.”

கணினி ஆய்வகத்தின் வாசலில் நின்றபடி பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். மாமாவுக்குத் துணையாகக் காசிமேட்டுக்குப் போய்விட்டு இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தான். “உன் சீட்டு வகுப்பாசிரியரிடம் இருக்கும், போய் வாங்கிக்கொள்” என்றேன். “கேட்டேன் மிஸ், இல்லன்னாங்க” என்றான்.

எனக்கு அவன் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை. காரணம், வகுப்பில் 43 பேர். நான் அச்சிட்டதும் 43 சீட்டுகள். பெற்றோர் கையொப்பத்தோடு திரும்பி வந்தவையும் 43. எங்கே தவறு நடந்திருக்க முடியும்?

தவறு என்னுடையதுதான். அதைக் கண்டுபிடித்த கதையையும், அதையே பாடமாக்கி வகுப்பறையில் நடத்திய அனுபவத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கணினி ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பட்டியல்களோடு நாள்தோறும் புழங்கும் மற்ற ஆசிரியர்களுக்கும், தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் சிலவுண்டு.

நடந்தது இதுதான்

வடசென்னையில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும் நாள்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை. பெயரின் எழுத்துகள், தலைப்பெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி என ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் பிறந்த தேதியை வாழ்நாள் முழுவதும் காட்ட வேண்டியிருக்கும். எங்கள் பகுதிப் பிள்ளைகள் துறைமுகத்துக்கோ, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கோ பயிற்சிப் பணிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான்.

வகுப்பாசிரியரின் வேலையைக் குறைக்கலாமே என்று, மாணவர் விவரங்களை ஓர் எஸ்கியூலைட் அட்டவணையில் ஏற்றினேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சரிபார்ப்புச் சீட்டு அச்சிடும்படி பைத்தானில் சிறு நிரல் எழுதினேன். பெற்றோர் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். தவறு இருந்தால் சிவப்பு மையில் திருத்த வேண்டும்.

அந்த மாணவன் கேட்ட பிறகு, திரும்பி வந்த சீட்டுகளை வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதிவேட்டில் முதல் பெயர் அவனுடையது. அவனுக்குச் சீட்டு இல்லை. கடைசிப் பெயருக்குரிய மாணவிக்கோ இரண்டு சீட்டுகள். இரண்டிலும் அவளுடைய அம்மா கையொப்பமிட்டிருந்தார். அவளைக் கேட்டால், “ஒண்ணு ஸ்கூலுக்கு, ஒண்ணு ஆபீசுக்குன்னு நெனச்சேன் மிஸ்” என்றாள். அவள் நினைத்ததில் என்ன தவறு?

ஒன்று குறைந்து ஒன்று கூடியதால் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அதனால்தான் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அவனுடைய விவரத்தை எடுத்துப் பார்த்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் 05.11.2009. நான் ஏற்றிய அட்டவணையில் 11.05.2009. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. சீட்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார்கள். பட்டியல் இன்னும் மேலே போகாததால் உடனே சரிசெய்தோம். அவன் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி பல நாள் என்னைவிட்டுப் போகவில்லை.

நிரலில் இருந்த தவறு

நான் எழுதிய நிரலைத் தமிழில் படிகளாகத் தருகிறேன்.

1. முதல் பதிவைக் கேள்.
2. கையில் இருப்பது ‘நன்’ அல்ல என்னும்வரை கீழுள்ளவற்றைத் திரும்பத் திரும்பச் செய்:
   அ. அடுத்த பதிவைக் கேள்.
   ஆ. அதிலிருந்து பெயரையும் தேதியையும் எடுத்து மாறிகளில் வை. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் கடந்து போ.
   இ. மாறிகளில் இருப்பதைச் சீட்டாக அச்சிடு.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வழியே எஸ்கியூலைட்டைக் கையாளும் பாடம் நடத்துவோருக்கு இது பழகிய வடிவம்தான். ‘ஃபெட்ச்ஒன்’ என்னும் செயற்கூறு அழைக்கும்போதெல்லாம் ஒரு பதிவைத் தரும். பதிவுகள் தீர்ந்துவிட்டால் ‘நன்’ என்னும் சிறப்பு மதிப்பைத் தரும். ‘இனி எதுவும் இல்லை’ என்பது அதன் பொருள்.

மூன்று பதிவுகளை வைத்து இதை ஓட்டிப் பார்ப்போம். அமுதா, பாபு, செல்வி என்று கொள்வோம்.

படி 1இல் அமுதா கைக்கு வருகிறாள். ‘நன்’ அல்ல என்பதால் மடக்குக்குள் நுழைகிறோம். நுழைந்ததும் முதல் வேலையாக அடுத்த பதிவைக் கேட்கிறோம். பாபு வருகிறான். அமுதாவின் சீட்டு அச்சாகாமலே போகிறது. பாபுவின் சீட்டு அச்சாகிறது. அடுத்த சுற்றில் செல்வியின் சீட்டு அச்சாகிறது. கையில் செல்வி இருப்பதால் மடக்கு இன்னொரு முறை சுற்றுகிறது. இப்போது கேட்டால் ‘நன்’ வருகிறது. அதிலிருந்து பெயரை எடுக்க முடியாது, பிழை எழுகிறது. ஆனால் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். மாறிகளில் பழைய செல்வி அப்படியே இருக்கிறாள். அவள் மறுபடியும் அச்சாகிறாள். அதற்குப் பிறகே மடக்கு நிற்கிறது.

விளைவு: பாபு, செல்வி, செல்வி. மூன்று பேர், மூன்று சீட்டு.

பிழையைக் கடந்து போகும் அந்த வரியை ஏன் எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் ஓட்டியபோது முடிவில் ஒரு பிழைச்செய்தி வந்தது. மணி நான்கைத் தாண்டியிருந்தது. ‘கடைசியில்தானே வருகிறது’ என்று ‘ட்ரை’, ‘எக்செப்ட்’, ‘பாஸ்’ ஆகிய மூன்று சொற்களால் அதன் வாயை அடைத்தேன். நிரல் என்னிடம் உண்மையைத்தான் சொல்ல வந்தது. நான்தான் கேட்கவில்லை.

வகுப்பறைக்குக் கொண்டுபோனேன்

அடுத்த வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் இந்த நிரலைக் கரும்பலகையில் எழுதினேன். “இது மிஸ் எழுதினது. இதனால் ஒரு பையனுடைய பிறந்த தேதி தப்பாகப் போக இருந்தது. எங்கே தப்பு?” என்று கேட்டேன். ஆசிரியரின் தவறு என்றால் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். வழக்கமாகப் பின் இருக்கையில் தலை கவிழ்ந்திருப்பவர்களும் நிமிர்ந்தார்கள்.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ‘கையில் இருக்கும் பதிவு’, ‘மாறியில் இருக்கும் பெயர்’, ‘அச்சானது’ என மூன்று கட்டங்கள் போட்டு ஒவ்வொரு சுற்றையும் எழுதினார்கள். பத்து நிமிடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், நீங்க மொதல்ல பாத்துட்டு அப்புறம் கேக்குறீங்க. கேட்டது என்னன்னு பாக்காமயே அச்சடிக்கிறீங்க.”

பாடத்தின் சாரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. கேட்பதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவில் சரிபார்த்தல் இருக்க வேண்டும். என் நிரலில் அந்த வரிசை குலைந்திருந்தது. அடுத்த பதிவைக் கேட்கும் வரியை மடக்கின் அடிக்கு இறக்கினால் போதும்:

1. முதல் பதிவைக் கேள்.
2. கையில் இருப்பது ‘நன்’ அல்ல என்னும்வரை:
   அ. பெயரையும் தேதியையும் எடு.
   ஆ. சீட்டை அச்சிடு.
   இ. அடுத்த பதிவைக் கேள்.
3. எத்தனை சீட்டு அச்சானது என்று சொல். தரவுத்தள இணைப்பை மூடு.

இப்போது ஒவ்வொரு முறை கேட்டவுடனும் மடக்கின் வாசலில் சோதனை நடக்கிறது. ‘நன்’ வந்தால் உள்ளே வரவே வழியில்லை. பிழையை அடக்கும் வரிக்கும் வேலையில்லை. அதை நீக்கிவிட்டோம்.

அதே வகுப்பில் இன்னொரு தவறையும் செய்து பார்த்தோம். அடிப்பகுதியில் உள்ள ‘அடுத்த பதிவைக் கேள்’ என்ற வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமுதா, அமுதா, அமுதா என்று திரை நிரம்பிக்கொண்டே போனது. கண்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்தி நிறுத்தினோம். முதல் ஓட்டத்தை எப்போதும் திரையில் மட்டும் பாருங்கள், அச்சுப்பொறிக்கு அனுப்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல வாய்ப்பு.

ரயிலின் கடைசிப் பெட்டி

“முடிந்தது என்பதைத் தனியாக ஏன் சொல்ல வேண்டும்? பதிவு வராவிட்டால் முடிந்தது என்று தெரியாதா?” என்று கேட்டேன். கத்திவாக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் ரயில்வே கேட்டை நினைவுபடுத்தினான். “கூட்ஸ் வண்டி போறப்ப கடைசிப் பெட்டியில ஒரு போர்டு இருக்கும் மிஸ். எல்.வி.ன்னு போட்டிருக்கும்.”

அவன் சொன்னது மிகப் பொருத்தம். எண்ணூர் வழித்தடத்தில் நிலக்கரி வண்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எல்.வி. என்பது ‘கடைசி வண்டி’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். பகலில் அந்தப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு. பயணிகள் ரயிலின் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறியும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்போம். நிலையத்தைக் கடக்கும் வண்டியில் இந்த அடையாளம் இருக்கிறதா என்று ஊழியர்கள் பார்க்கிறார்கள். இருந்தால் வண்டி முழுமையாக வந்துவிட்டது. பெட்டிகள் நின்றுபோய், பலகையும் இல்லை என்றால் வண்டி நடுவழியில் அறுந்து சில பெட்டிகள் பின்னால் நின்றிருக்கலாம். அதைத் தெளிவுபடுத்தாமல் அடுத்த வண்டியை அந்தப் பாதையில் விடமாட்டார்கள்.

இங்கிருந்து பாடம் எளிதாக நகர்ந்தது. ‘அடுத்தது’ என்று கேட்டால் வரக்கூடிய பதில்கள் மூன்று: இதோ அடுத்த பதிவு, எல்லாம் முடிந்தது, ஏதோ கோளாறு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. பலகையோடு முடிந்த வண்டியும் அறுந்து நின்ற வண்டியும் ஒன்றாகுமா?

எஸ்கியூலைட்டின் உள்ளே இந்த மூன்றுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. பதிவு கிடைத்தால் 100, முடிந்துவிட்டால் 101. கோளாறு என்றால் வேறு எண்கள்; வேறொரு நிரல் தரவுத்தளத்தைப் பூட்டி வைத்திருந்தால் 5 என்பது அவற்றில் ஒன்று. பைத்தான் இந்த எண்களை நமக்குக் காட்டுவதில்லை. பதிவைப் பதிவாகவும், முடிவை ‘நன்’ என்றும், கோளாறைப் பிழையாகவும் மாற்றித் தருகிறது. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் நடத்துவோரும் இதைக் காட்டலாம். மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியின் ‘ஃபெட்ச் அசாக்’ செயற்கூறு பதிவுகள் தீர்ந்தால் ‘நல்’ என்றும், தோல்வி என்றால் ‘ஃபால்ஸ்’ என்றும் தருகிறது.

இது புதிய சிக்கலும் அல்ல. கோப்புகளைப் பதிவு பதிவாகப் படிக்கும் கோபோல் மொழியில், படிக்கும் கட்டளையோடு ‘முடிவு வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று எழுதத் தனிச் சொற்றொடரே உண்டு. எஸ்கியூஎல் மொழியின் தரநிலையிலும் ‘தரவு இல்லை’ என்பதற்கு 02000 என்னும் தனிக் குறியீடு இருக்கிறது.

காலி இடம் முடிவு அல்ல

நிரலைத் திருத்தச் சொன்னபோது ஒரு மாணவன், ‘தொலைபேசி எண் இருக்கும்வரை சுற்று’ என்று எழுதியிருந்தான். அவன் சோதித்த அட்டவணையில் எல்லோருக்கும் எண் இருந்ததால் சரியாகவே ஓடியது. நடுவில் ஒரு மாணவியின் எண்ணை நான் அழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அவளோடு நிரல் நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் பட்டியலில் இல்லை.

இங்கே பிள்ளைகள் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. அட்டவணையில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தால் அந்தக் கட்டத்துக்கும் பைத்தான் ‘நன்’ என்றே தருகிறது. பதிவே இல்லை என்றாலும் ‘நன்’. சொல் ஒன்று, பொருள் இரண்டு. எனவே சோதிக்க வேண்டியது பதிவு முழுவதையும், அதற்குள் இருக்கும் ஒரு கட்டத்தை அல்ல. வீட்டில் தொலைபேசி இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை வகுப்பில் இல்லை என்று ஆகிவிடாது. இப்படிச் சொன்னபோது வகுப்புக்கு உடனே புரிந்தது.

தொடக்க வகுப்புகளுக்கு ஓர் அட்டை விளையாட்டு

கணினியே இல்லாமல் நான்காம், ஐந்தாம் வகுப்பில் இதை நடத்தலாம். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நடத்திப் பார்த்தோம்.

ஐந்தாறு வெள்ளை அட்டைகளில் ஆளுக்கொரு பெயரும் அவர்களுக்குப் பிடித்த பழமும் எழுதுங்கள். ஓர் அட்டையில் பழத்தின் பெயரைக் காலியாக விடுங்கள். அடுக்கின் அடியில் ஒரு சிவப்பு அட்டை வையுங்கள். ஒரு குழந்தை அடுக்கை வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு குழந்தை “அடுத்து” என்று கேட்க வேண்டும். அட்டையை வாங்கியதும் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் பெயரைப் படித்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். சிவப்பு என்றால் “முடிந்தது” என்று சொல்லி உட்கார வேண்டும்.

பழம் எழுதாத அட்டை வரும்போது குழந்தைகள் தயங்குவார்கள். “சிவப்பா? இல்லையே. அப்படியானால் எழுது” என்று அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். அடுத்த முறை சிவப்பு அட்டையை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுங்கள். அடுக்கு தீர்ந்ததும் “முடிஞ்சிடுச்சா, இல்ல ஏதாவது கீழ விழுந்துடுச்சா?” என்று தேடத் தொடங்குவார்கள். முடிவுக்கு ஓர் அடையாளம் எதற்கு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சோதிக்க நான்கு அட்டவணைகள்

மேல்வகுப்பு மாணவர்கள் மடக்கு எழுதி முடித்ததும் நான்கு அட்டவணைகளில் ஓட்டச் சொல்கிறேன்.

ஒன்று, பதிவே இல்லாத அட்டவணை. ‘பதிவு எதுவும் இல்லை’ என்ற செய்தியோடு அமைதியாக நிற்க வேண்டும்.

இரண்டு, ஒரே ஒரு பதிவு உள்ள அட்டவணை. முதலும் கடைசியும் அதுவே. என் பழைய நிரலை இதில் ஓட்டியிருந்தால், அச்சிட மாறியில் பெயரே இல்லாமல் அந்த இடத்திலேயே பிழையோடு நின்றிருக்கும். நான் நேரடியாக 43 பேர் அட்டவணையில் ஓட்டினேன். பெரிய அட்டவணை ஒளித்துவைத்த தவறை ஒற்றைப் பதிவு காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்று, மூன்று பதிவுகள் உள்ள அட்டவணை. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒவ்வொரு முறை மட்டும் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நான்கு, நடுவில் ஒரு கட்டம் காலியாக உள்ள அட்டவணை. காலிக்குப் பின்னால் இருப்பவர்களும் வர வேண்டும்.

நான்கிலும் சரியாக ஓடிய பிறகே ‘ஃபார்’ மடக்கை அறிமுகப்படுத்துகிறேன். கர்சரை நேரடியாக ‘ஃபார்’ மடக்கில் கொடுத்தால் பைத்தானே அடுத்ததைக் கேட்டு, முடிவைப் பார்த்து, தானாக நின்றுகொள்ளும். நடைமுறையில் எழுத அதுவே எளிது. ஆனால் முதலிலேயே அதைக் கொடுத்துவிட்டால், உள்ளே நடக்கும் கேட்டல், பார்த்தல், செய்தல் என்ற வரிசை பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

நமக்கும் ஒரு பாடம்

மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல், விலையில்லாப் பொருள்கள் வழங்கும் பட்டியல் என ஆண்டு முழுவதும் பட்டியல்களோடு இருக்கிறோம். எல்லாவற்றிலும் கடைசியாக ஒரு கூட்டுத்தொகையைப் பார்த்து, ‘சரியாக இருக்கிறது’ என்று கையொப்பமிடுகிறோம். எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் எல்லோரும் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது என்பதை அந்த 43 சீட்டுகள் எனக்குக் கற்றுத்தந்தன. இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் பதிவேட்டைப் படிக்க, மற்றவர் பட்டியலில் பெயர் பெயராகக் குறியிட்டால் ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். எங்கள் பள்ளியில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சீட்டு கொடுக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். கட்டாக வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புவதில்லை. பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவரையும் அழைத்துக் கையில் கொடுக்கிறேன். விடுப்பில் இருப்பவரின் சீட்டு மேசை மேல் தனியாக இருக்கும், அவர் வந்து வாங்கும்வரை. கடைசிப் பெயரை அழைத்து முடித்த பிறகு, “சீட்டு வராதவர்கள் யாராவது உண்டா? இரண்டு வாங்கினவர்கள் யாராவது உண்டா?” என்று கேட்டுவிட்டே பதிவேட்டை மூடுகிறேன்.